கூரை மட்டும் போதுமா? ஏசி மண்டபங்களும் சபைனின் சூத்திரமும்

தென்காசி, செங்கோட்டை, குற்றாலம் வட்டாரத்தில் புதிதாக எழும் கல்யாண மண்டபங்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் இருக்கின்றன. தரையில் பளபளக்கும் டைல்ஸ், நாலு பக்கமும் வழுவழுப்பான சுவர், ஏசிக்காக அடைத்த ஜன்னல், மேலே ஃபால்ஸ் சீலிங். கெட்டிமேளம் கொட்டும்போது பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழாது. அது பரவாயில்லை, இரண்டு நிமிடம்தான். ஆனால் மேடையில் பெரியவர்கள் மைக்கில் வாழ்த்துவதும் எதிரொலியில் கலங்கிப் புரியாமல் போகிறதே, அதுதான் குறை. காது மந்தமான தாத்தா பாட்டிகள், பேரன் பேத்தி கல்யாணத்தில் வெறுமனே உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

இதற்குத் தீர்வாகச் சொல்லப்படுவது ஒலியை உறிஞ்சும் கூரை. அது எவ்வளவு பலன் தரும் என்று முன்கூட்டியே சொல்ல ஒரு சூத்திரமும் இருக்கிறது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1895-இல் ஃபாக் கலைக்கூடத்தின் விரிவுரை அரங்கில் பேச்சே புரியவில்லை என்று புகார் வந்தது. அதைச் சரிசெய்யும் பொறுப்பு வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் வந்தது. பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் சுமந்து வந்து பரப்பினார். ஆர்கன் குழாயை ஒலித்து நிறுத்தி, ஓசை அடங்கும் நேரத்தை அளந்தார். அந்த உழைப்பில் கிடைத்ததுதான் எதிர்முழக்க நேரத்துக்கான சூத்திரம். அறையின் கன அளவை 0.161-ஆல் பெருக்கி, மொத்த உறிஞ்சு பரப்பால் (ஒவ்வொரு பரப்பையும் அது ஓசையை உறிஞ்சும் பங்கால் பெருக்கிக் கூட்டியது) வகுத்தால், ஓசை 60 டெசிபல் தணிய எத்தனை நொடி ஆகும் என்பது கிடைத்துவிடும். 1900-இல் திறந்த பாஸ்டன் சிம்பொனி ஹாலுக்கும் சபைனே ஆலோசகர்.

இதன் பெரிய பலம் எளிமை. 30 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம், 5 மீட்டர் உயரமுள்ள காலி மண்டபத்தை எடுத்துக்கொள்வோம். கன அளவு 2,250 கனமீட்டர். தரை, சுவர், சாதா ஜிப்சம் போர்டு கூரை மூன்றும் சேர்ந்து தரும் உறிஞ்சு பரப்பு சுமார் 45 சதுர மீட்டர்தான். விடை 8 நொடி. அதே கூரையில் உட்கவர் எண், அதாவது மோதும் ஓசையில் உறிஞ்சப்படும் பங்கு, 0.7 உள்ள மினரல் ஃபைபர் டைல் போட்டால் உறிஞ்சு பரப்பு 337 ஆகிறது. விடை ஒரு நொடியை ஒட்டி வருகிறது. பேச்சுக்கு ஏற்ற நேரம் அது. பிளான் போடும் கட்டத்திலேயே ஒரு தாளில் இவ்வளவும் தெரிந்துவிடுகிறது. எல்லா ஃபால்ஸ் சீலிங்கும் ஓசையை அடக்கிவிடாது என்ற உண்மையை இந்த ஒரு கணக்கே மண்டப உரிமையாளருக்குப் புரியவைத்துவிடும். அதற்காகவே இந்தச் சூத்திரத்துக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

ஆனால் அந்த ஒரு நொடி என்ற விடையை நம்பிப் பணம் கொடுப்பவர் ஏமாறக்கூடும். ஓசை எல்லாத் திசையிலும் சமமாகப் பரவி, எல்லாப் பரப்பிலும் சமமாக மோதுகிறது என்பது சபைன் சூத்திரத்தின் அடிப்படை. கூரை மட்டும் உறிஞ்சும் மண்டபத்தில் அது நடப்பதில்லை. மேலே போகும் ஓசையின் பெரும்பகுதியைக் கூரை விழுங்கிவிடுகிறது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே படுக்கைவாக்கில் ஓடும் ஓசையோ கூரையை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. 15 மீட்டர் இடைவெளியில் அது நொடிக்கு 22 முறைக்கு மேல் சுவரில் மோதும். ஒவ்வொரு மோதலிலும் 3 சதவீதம் குறைந்தாலும், ஒரு நொடி கழித்துப் பாதி ஆற்றல் மிச்சமிருக்கும். ஆகவே ஓசை முதலில் சட்டென்று தணிகிறது. பிறகு மீதி மெல்ல இழுத்துக்கொண்டே போகிறது. காலி மண்டபத்தின் நடுவில் நின்று ஒருமுறை கை தட்டினால் சுவருக்குச் சுவர் படபடவென்று கேட்பது இதுதான்.

இதே மண்டபத்தில் நாற்காலி, மேஜை போட்டால் அவை ஓசையைச் சிதறடித்துக் கூரைக்கு அனுப்புகின்றன, நேரம் குறைகிறது. அதாவது ஒரே கூரை, அறையில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்து வேறுவேறு பலன் தருகிறது. இதைக் கணக்கில் கொண்டு, கூரையை உரசிச் செல்லும் ஓசையையும் மற்ற ஓசையையும் தனித்தனியே கணக்கிடும் முறையை ஸ்வீடனின் எர்லிங் நில்சன் 2004-இல் முன்வைத்தார். ஓசை பரவுவதைக் கணக்கிடும் கம்ப்யூட்டர் மென்பொருள்களும் வந்துவிட்டன. அவை மேலானவைதான், ஆனால் ஒவ்வொரு பரப்பும் ஓசையை எவ்வளவு சிதறடிக்கும் என்ற எண்ணைப் பெரும்பாலும் நாம்தான் உத்தேசமாகக் கொடுக்க வேண்டும். அதில் தவறினால் திரையில் வரும் வண்ணப் படமும் தவறுதான்.

கொட்டேஷனில் வரும் எண்ணிலும் ஒரு குறை உண்டு. என்.ஆர்.சி. என்ற அந்த எண், 250 முதல் 2,000 ஹெர்ட்ஸ் வரையிலான நான்கு அதிர்வெண்களில் அளந்த உட்கவர் எண்களின் சராசரி. தவிலின் தொப்பி எழுப்பும் அடித்தொனியில் அந்த எல்லைக்குக் கீழே உள்ள பகுதி இந்த எண்ணில் சேர்வதே இல்லை. நாகசுரமும் தவிலும் தேரோடும் வீதிக்கான வாத்தியங்கள். அவற்றை அடைத்த பெட்டிக்குள் கொண்டுவந்த நாம், அந்த அடித்தொனியைக் கணக்கில் சேர்க்காமல் இருப்பது நியாயமில்லை.

குற்றாலத்தில் இன்னொன்றும் சேர்கிறது. ஜூன் முதல் சாரல் அடிக்கும் ஊர் இது. ஈரத்துக்கு ஏற்ற ரகம் பார்த்து வாங்காவிட்டால் மினரல் ஃபைபர் டைல் தொய்ந்துவிடும். கறை தெரியாமலிருக்க மேலே பெயிண்ட் அடித்தால் நுண்துளைகள் அடைபட்டு உறிஞ்சும் திறனும் போய்விடும். ஆய்வுக்கூடத்தில் புதிய டைலுக்குக் கிடைத்த எண், நாலு சீசன் கண்ட கூரைக்குப் பொருந்தாது.

ஆகவே சூத்திரத்தைக் கைவிட வேண்டாம். ஆனால் அதன் விடையை உறுதிமொழியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எந்தக் கூரை உதவாது என்று சொல்வதில் அது நம்பகமானது. எந்தக் கூரை போதும் என்று சொல்வதில் அப்படி இல்லை. எதிரெதிர்ச் சுவர்கள் ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றிலாவது ஒலியை உறிஞ்சும் பலகையோ கனத்த திரையோ வேண்டும். வேலை முடிந்ததும் எதிர்முழக்க நேரத்தை ஐ.எஸ்.ஓ. 3382 முறைப்படி அளந்து காட்டுவது ஒப்பந்தத்திலேயே இடம்பெற வேண்டும். தரை சாய்மானத்தைத் தண்ணீர் ஊற்றிப் பார்க்காமல் கொத்தனாருக்குக் கணக்கு முடிப்பதில்லை நாம். மண்டபத்தின் ஓசைக்கும் அந்தக் கண்டிப்பு வேண்டும். ஏனென்றால் வாழ்த்துச் சொல்ல வந்தவர் குரல் வாழ்த்தப்படுபவர் காதுக்குப் போய்ச் சேரத்தான் மண்டபம் கட்டுகிறோம்.