ஷின்ஜியின் அழுகை, அசுகாவின் கோபம்

1995இல் ஜப்பானியத் தொலைக்காட்சியில் தொடங்கிய அனிமே தொடர் ‘நியான் ஜெனிசிஸ் எவாங்கெலியன்’. அதன் நாயகன் ஷின்ஜிக்கு 14 வயது. அப்பாவின் ஒரு பாராட்டுக்காக ராட்சத எந்திரத்தில் ஏறுகிறான். பயப்படுகிறான், அழுகிறான், ஓடிப்போகிறான். வீராதி வீரர்களைப் பார்த்துச் சலித்த எனக்கு அவனைப் பிடித்துப்போனது. அவனுடன் எந்திரம் ஓட்டும் அசுகாவை மட்டும் திமிர்பிடித்தவள் என்றே நினைத்தேன். அவளுக்கும் அதே வயதுதான். அம்மா தூக்கில் தொங்கியதைக் கண்டவள், இனி அழுவதில்லை என்று முடிவெடுத்தவள். அவனுக்கு அழுகையாக வந்தது அவளுக்குக் கோபமாக வந்தது. அழுகைக்கு இரங்கிய நான் கோபத்துக்கு ஏன் இரங்கவில்லை?

1997இல் வந்த திரைப்படத்தில், மருத்துவமனையில் நினைவின்றிக் கிடக்கும் அசுகாவிடம் ஆறுதல் தேடிப்போகும் ஷின்ஜி அத்துமீறுகிறான். இயக்குநர் ஹிதேயாகி அன்னோ அவனுக்குச் சமாதானம் சொல்வதில்லை. (இந்த நேர்மைக்காகவே அவரைப் பிடிக்கும்.) ஷின்ஜி அழும்போது இப்போதும் மனம் இளகுகிறது, அந்தக் கட்டிலை விட்டுத்தான் கண்ணை எடுக்க முடியவில்லை.