கலக்காமல் குடித்த தேநீர்

ஜெர்மனி என்றால் பீர் என்று நினைப்பவர்கள் ஒருமுறை அதன் வடமேற்கு மூலைக்குப் போய்வர வேண்டும். வட கடலை ஒட்டியிருக்கும் கிழக்கு ஃப்ரீஸ்லாந்து முழுக்கத் தேநீர்ப் பித்தர்கள்! ஆளுக்கு ஆண்டுக்குச் சுமார் 300 லிட்டர் குடிக்கிறார்கள். மற்ற ஜெர்மானியர்களைவிடக் கிட்டத்தட்டப் பத்து மடங்கு!

லேர் நகரில் நான் தங்கிய வீட்டுப் பாட்டிதான் எனக்கு குரு. ரோஜாப்பூ வரைந்த சின்னஞ்சிறு பீங்கான் கோப்பையில் முதலில் ஒரு பெரிய கற்கண்டுக் கட்டியைப் போட்டார். ‘க்ளுன்ட்யே’ என்கிறார்கள் அதை. மேலே அசாம் இலை தூக்கலான கறுப்புத் தேநீரைச் சுடச்சுட ஊற்றியதும் கற்கண்டு படபடவென்று வெடித்தது. “கேட்டீர்களா?” என்று பாட்டி கண்ணைச் சிமிட்டினார். கேட்காமலா! அந்தச் சத்தத்துக்காகவே இன்னொரு கோப்பை குடிக்கலாம்.

அடுத்து கிரீம். குட்டி அகப்பையில் எடுத்து, கோப்பையின் விளிம்போரமாக, கடிகாரமுள் சுற்றும் திசைக்கு எதிராக விட வேண்டும். தேநீர் வேளையில் காலத்தை நிறுத்தி வைக்கவாம்! குளிர்ந்த கிரீம் அடிக்குப் போய், வெண்மேகமாகப் புரண்டு மேலே வந்தது.

என் கை தானாகக் கரண்டிக்குப் போனது. “கலக்கக் கூடாது!” என்றார் பாட்டி. கை நீளத்துக்கு இழுத்து ஆற்றுகிற டீ மாஸ்டர்களிடம் குடித்துப் பழகியவனுக்கு இது சோதனைதான். ஆனால் குடித்த பிறகல்லவா தெரிந்தது! முதல் வாயில் கிரீமின் வழவழப்பு. நடுவில் நாக்கைப் பிடித்து உலுக்கும் துவர்ப்பு. கடைசியில் கற்கண்டு கரைந்து இறங்கிய தித்திப்பு. கலக்கியிருந்தால் இந்த மூன்றும் ஒன்றாகிப் போயிருக்கும். ஒரே கோப்பையில் மூன்று தேநீர் கிடைக்கும்போது யாராவது கலக்குவார்களா?

கற்கண்டு முழுதும் கரைவதில்லை. அதன்மேலேயே அடுத்த கோப்பையை ஊற்றுகிறார்கள். மூன்று கோப்பை குடிப்பது அங்கே விருந்தாளியின் உரிமை. போதுமென்றால் கரண்டியைக் கோப்பைக்குள் வைக்க வேண்டும். வைக்காவிட்டால் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். நான் வைக்கவில்லை, வேண்டுமென்றேதான். மெழுகுவர்த்தி எரியும் தாங்கியின்மேல் கெண்டி சூடாகவே இருக்கும்போது என்ன அவசரம்?

தேநீர் விஷயத்தில் இந்த ஊர்க்காரர்களின் பிடிவாதம் பரம்பரைச் சொத்து. 1744-இல் இந்தப் பகுதி பிரஷ்யாவின் கைக்குப் போனது. மன்னர் இரண்டாம் ஃபிரெடெரிக் தேநீரை ஒழிக்கப் பார்த்தார். மக்கள் மசியவில்லை, மன்னர்தான் விட்டுக்கொடுத்தார். இரண்டாம் உலகப் போர்க் காலத்து ரேஷனில்கூட இவர்களுக்குத் தேயிலை கூடுதலாகக் கிடைத்தது. 2016-இல் இந்தத் தேநீர் மரபு ஜெர்மனியின் கலாசார மரபுப் பட்டியலில் ஏறியது. பட்டியலில் ஏறாவிட்டாலும் காலை பதினோரு மணிக்குக் கெண்டி மேசைக்கு வந்திருக்கும், அது வேறு விஷயம்.

போகிறவர்கள் நோர்டன் நகரத்துப் பழைய நகர மன்றக் கட்டடத்தில் உள்ள தேநீர் அருங்காட்சியகத்தையும் பாருங்கள். திரும்பும்போது க்ளுன்ட்யே வாங்க மறக்காதீர்கள். சாதாரணச் சர்க்கரை வெடிக்காது. பெட்டியில் இடமில்லையா? இரண்டு சட்டையை வெளியே எடுத்து வையுங்கள்!