பழைய பேனலோடு ஒத்துப்போவது

அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தின் மேற்கு ஓரத்தில், பாலைவனத்துக்கு நடுவே குவார்ட்சைட் என்றொரு சிற்றூர். குளிர்காலம் வந்தால் போதும், வடக்கே பனி மூடிய மாநிலங்களிலிருந்தும் கனடாவிலிருந்தும் ஆர்.வி. எனப்படும் வீட்டு வண்டிகள் ஆயிரக்கணக்கில் வந்து அந்த ஊரைச் சுற்றி முகாமிட்டுவிடும். பெரும்பாலும் மத்திய அரசின் நில மேலாண்மைத் துறைக்குச் சொந்தமான வெட்டவெளி. வண்டிக்கு மின் இணைப்பு கிடையாது. ஜெனரேட்டர் ஓட்டலாம், பக்கத்து வண்டிக்காரரின் தூக்கம் கெடும். அதனால் எந்தக் கூரையைப் பார்த்தாலும் சோலார் பேனல். ரசிக்கத் தெரிந்தவருக்கு இதைவிடப் பெரிய கண்காட்சி இல்லை.

புதிதாக அமைப்பதைவிட, இருப்பதை விரிவாக்குவதில்தான் கைத்திறமை தெரியும் என்பது என் கட்சி. புதுசு என்றால் எல்லாவற்றையும் ஒரே கடையில் வாங்கி, படத்தைப் பார்த்து மாட்டிவிடலாம். விரிவாக்கத்தில் பழைய பேனல், பழைய வயர், பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தை ஒழுங்குபடுத்தும் பழைய கன்ட்ரோலர் எல்லாம் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கின்றன. புதிதாக வருவது அவற்றோடு ஒத்துப்போக வேண்டும்.

பல வண்டிகளில் இருக்கும் ஓர் அமைப்பையே எடுத்துக்கொள்வோம். கூரையில் 100 வாட் பேனல் இரண்டு, பேரலலில். ஒவ்வொன்றும் நல்ல வெயிலில் 18 வோல்ட்டில் ஐந்தரை ஆம்பியர் தரும். கீழே இறங்கும் வயர் பத்தாம் கேஜ். லாப்டாப்பும் சிறு ஃப்ரிட்ஜும் சேர்ந்ததும் மின்சாரம் போதவில்லை. இன்னும் இரண்டு பேனல் வாங்குகிறார் உரிமையாளர். அவற்றையும் அப்படியே பேரலலில் சேர்த்தால் 22 ஆம்பியர் அந்தப் பழைய வயரில் ஓடும். கன்ட்ரோலர் ஆறு மீட்டர் தள்ளியிருந்தால், போக வர வயரிலேயே சுமார் 19 வாட் சூடாகிக் கரைந்துவிடும். காசு கொடுத்து வாங்கிய ஒரு பேனலில் ஐந்தில் ஒரு பங்கு!

தேர்ந்த கை என்ன செய்யும்? இரண்டிரண்டாகச் சீரீஸில் கோத்து, அந்த இரு ஜோடிகளைப் பேரலலாக்கும். இப்போது 36 வோல்ட், 11 ஆம்பியர். அதே வயரில் இழப்பு ஐந்து வாட்டுக்குள் அடங்கிவிடும். மின்னோட்டம் பாதியானால் இழப்பு கால்வாசியாகும் என்பது பள்ளிக்கூடப் பாடம்தான். அந்தப் பாடம் ஒரு கூரைமேல் வேலை செய்வதைப் பார்ப்பது தனிச் சுகம். ஒன்று மட்டும் அவசியம்: அந்த 36 வோல்ட்டைப் பேட்டரிக்கு ஏற்றபடி இறக்கி, மிஞ்சும் வோல்ட்டை ஆம்பியராக மாற்றித் தரும் எம்.பி.பி.டி. கன்ட்ரோலர் வேண்டும். பழைய பி.டபிள்யூ.எம். கன்ட்ரோலர் கூடுதல் வோல்ட்டை வீணடித்துவிடும்.

அப்படியானால் நான்கையும் ஒரே சீரீஸில் போடலாமே என்று கை துறுதுறுக்கும். சுமை இல்லாதபோது ஒவ்வொரு பேனலும் 22 வோல்ட் காட்டும், நான்குக்கு 88. பலரிடமும் இருக்கும் கன்ட்ரோலரின் எல்லை 100 வோல்ட். குளிர் ஏற ஏறப் பேனலின் வோல்ட் கூடும். பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி போகும் கொலராடோ மலைக் காலையில், வெயில் பட்டதும் அந்த 88 நூறை எட்டிவிடும். அன்றோடு கன்ட்ரோலர் கதை முடிந்தது.

நிழல்தான் இந்தக் கலையின் நுட்பமான இடம். சீரீஸில் கோத்த பேனல்கள் ஜோடி மாடு மாதிரி. ஒன்று தளர்ந்தால் மற்றதன் வேகமும் போயிற்று. நிழல் பட்ட பகுதியைத் தவிர்த்து மின்சாரத்தைத் திருப்பிவிடும் பைபாஸ் டயோடு ஓரளவு காப்பாற்றும், அவ்வளவுதான். ஆர்.வி. கூரையோ நிழல்களின் கூடாரம்: நடுவில் ஏ.சி. பெட்டி, அங்கங்கே காற்றுப்போக்கி மூடிகள், ஆன்டெனா. காலையில் ஏ.சி. நிழல் விழும் இரண்டு பேனலை ஒரு ஜோடியாகவும், மாலையில் விழும் இரண்டை இன்னொரு ஜோடியாகவும் கோத்த கூரையைப் பார்த்தால் மனம் நிறைகிறது. எந்த நேரமும் ஒரு ஜோடி முழு வீச்சில் ஓடும்.

பேனலைக் கூரையில் பொருத்தும் வேலையைக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். ரப்பர் கூரையில் ஒரு திருகு இறங்குவது என்பது மழைக்கு ஒரு வாசல் திறப்பது. நல்ல வேலைக்காரர் தாங்கியின் அடியில் பியூட்டைல் நாடா வைத்துத் திருகை முடுக்குவார். பிறகு திருகுத் தலைமேல் டைகோர் எனும் கசிவடைப்புப் பசையைப் பிழிவார். அது குவிந்து நின்று, மெல்லத் தானே பரவி, தலையையும் தாங்கியின் விளிம்பையும் மூடி வழவழப்பாகச் சமன்படும். பேனலுக்கும் கூரைக்கும் இடையே விரல் நுழையும் இடைவெளி இருக்கும். காற்று ஓடாவிட்டால் பேனல் சூடேறி, 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் அரை சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக மின்சாரத்தை இழக்கும்.

சாய்ப்பதா, படுக்கவைப்பதா என்ற வழக்கு முகாமில் ஓயாது. டிசம்பர் கடைசியில் குவார்ட்சைட்டில் உச்சிவேளைச் சூரியன் அடிவானத்திலிருந்து 33 டிகிரிதான் ஏறுகிறது. படுத்த பேனலுக்கு நேர்வெயிலில் பாதிக்குச் சற்று மேல்தான் கிடைக்கும். சாய்த்தால் முழுசும் கிடைக்கும். ஆனால் ஒவ்வொரு முறை இடம் மாறும்போதும் ஏணி ஏற வேண்டும், பாலைக் காற்று வீசினால் பயப்பட வேண்டும், முன்வரிசையின் நிழல் பின்வரிசைமேல் விழும். பேனல் விலை இறங்கிவிட்ட இன்று, சாய்ப்பதற்குப் பதில் இன்னும் இரண்டைப் படுக்கவைப்பதே மேல்.

1954இல் பெல் ஆய்வகம் காட்டிய சிலிக்கான் செல் வெயிலில் ஆறு சதவீதத்தை மின்சாரமாக்கியது. இன்று கடையில் கிடைக்கும் பேனல் இருபதைத் தாண்டுகிறது. விஞ்ஞானிகள் அரும்பாடுபட்டுச் சேர்த்த அந்தச் சதவீதங்களை மெல்லிய வயரிலும் தளர்ந்த இணைப்பிலும் தொலைப்பது பாவம். கூரையை விரிவாக்க நினைப்பவர்கள் பேனல் விலை கேட்பதற்கு முன்னால், ஒருநாள் காலை முதல் மாலைவரை ஏணிமேல் நின்று, எந்த நிழல் எப்போது எங்கே விழுகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மற்றதை அப்புறம் வாங்கலாம்.