அசன்பேயும் அயல்நிலமும்: சித்திலெவ்வையின் நாவற்பணி பற்றிய ஒரு மதிப்பீடு

ஈழத்துத் தமிழ் நாவலின் வரலாறு 1885 ஆம் ஆண்டிலே தொடங்குகின்றது. கண்டியைச் சேர்ந்த வழக்கறிஞர் முகம்மது காசிம் சித்திலெவ்வை எழுதிய 'அசன்பேயுடைய கதை' அவ்வாண்டில் வெளிவந்தது. தமிழகத்தில் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879 இல் அச்சேறி ஆறு ஆண்டுகளே கழிந்திருந்தன. கல்முனை முதல் பொத்துவில் வரையுள்ள ஊர்களின் இலக்கிய மேடைகளிலே இச்செய்தி பெருமையோடு எடுத்துரைக்கப்படுவது இயல்பே. ஆயின் 'முதல்' என்னும் அடைமொழி ஒரு நூலுக்கு மகுடமாவது போலவே திரையாகவும் அமைந்துவிடுவதுண்டு. மகுடத்தைக் கண்டு வணங்குவோர் நூலைத் திறந்து பார்ப்பதில்லை. சித்திலெவ்வை என்னும் நாவலாசிரியரை அத்திரையை விலக்கி நோக்குதல் அவசியமாகின்றது.

1838 இல் கண்டியிற் பிறந்த சித்திலெவ்வை, தந்தையைப் பின்பற்றிச் சட்டத்துறையிற் புகுந்தார். தொழிலால் அடைந்த செல்வாக்கையும் பொருளையும் தம் சமூகத்தின் கல்விக்கே செலவிட்டார். ஆங்கிலக் கல்வி மதமாற்றத்துக்கு வழியாகும் என்னும் அச்சத்தினால் முஸ்லிம்கள் அதனின்றும் ஒதுங்கியிருந்த காலம் அது. அவ்வச்சத்தைப் போக்க 1882 இல் 'முஸ்லிம் நேசன்' என்னும் தமிழ் வார இதழைத் தொடங்கினார். 1883 இல் எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்டு இலங்கை வந்த அறபி பாஷாவின் நட்பு அவருக்கு ஊக்கமளித்தது. 1892 இல் கொழும்பில் ஆரம்பிக்கப்பட்டுப் பின்னர் ஸாஹிறாக் கல்லூரியாக வளர்ந்த பாடசாலை இம்முயற்சிகளின் விளைவாகும். 1898 இல் அவர் மறைந்தார். இவ்வாழ்க்கையினுள்ளே நாவல் எழுதியமை ஒரு தனிச் செயலன்று. பத்திரிகையும் பள்ளியும் செய்த பணியையே கதை வடிவில் செய்ய முனைந்ததன் விளைவு அது.

நூலின் கதைப்போக்கு இதனை உறுதிப்படுத்துகின்றது. எகிப்திலே உயர்குடியிற் பிறந்த குழந்தை கடத்தப்பட்டுப் பம்பாய்க்குக் கொண்டுவரப்படுகின்றது. தன் பிறப்பை அறியாது வளரும் அசன் அங்கிருந்து தப்பிக் கல்கத்தாவை அடைகின்றான். கல்வியும் நற்பண்பும் அவனை உயர்த்துகின்றன. ஈற்றில் தாயகம் மீண்டு 'பே' என்னும் பட்டத்துக்குரியவனாகின்றான். சாகசக் கதைக்குரிய இக்கட்டமைப்பின் அடியிலே ஒரு சமூகத்தின் வினா மறைந்துள்ளது. தன் மூலத்தை அறியாத ஒருவன் அறிவினாலும் ஒழுக்கத்தினாலும் தன்னை நிலைநாட்டிக் கொள்வது எவ்வாறு என்பதே அவ்வினா. இலங்கைச் சோனகரின் இனமூலம் பற்றிப் பொன்னம்பலம் இராமநாதன் 1888 இல் கட்டுரை படித்துப் பெரும் விவாதத்தைக் கிளப்பினார். அதற்கு மூன்றாண்டுகள் முன்னரே மூலத்தைத் தேடும் நாயகன் ஒருவன் தமிழ்ப் புனைகதையிலே தோன்றிவிட்டான்.

எனினும் ஒரு குறை வெளிப்படையானது. கெய்ரோவும் பம்பாயும் கல்கத்தாவும் இடம்பெறும் இக்கதையிலே ஆசிரியர் வாழ்ந்த கண்டி கதைக்களமாகவில்லை. இலங்கை முஸ்லிமின் வீடும் கடையும் வயலும் இங்கு இல்லை. ஒப்பீடொன்று இக்குறையின் தன்மையை விளக்க உதவும். 'அசன்பே' வெளிவந்த அதே 1885 இல் அமெரிக்காவிலே மார்க் ட்வைனின் 'ஹக்கிள்பெரி ஃபின்' வெளிவந்தது. ட்வைன் 1835 இற் பிறந்தவர். சித்திலெவ்வைக்கு மூன்று வயது மூத்தவர். அவரும் பத்திரிகையின் வழியே இலக்கியத்துக்கு வந்தவர். அவருடைய கதையிலும் ஒரு சிறுவன் தப்பி ஓடுகின்றான். ஆனால் அவன் ஓடும் வழி, ஆசிரியர் இளமையில் வாழ்ந்து பின்னர் நீராவிக் கப்பலோட்டியாகத் தொழில் செய்த மிசிசிப்பி ஆறு; அவன் பேசும் மொழி அவ்வாற்றங்கரையின் கொச்சை மொழி. அடிமை முறையின் கொடுமையை அம்மொழியே அம்பலப்படுத்துகின்றது. 1896 சனவரியில் ட்வைன் கொழும்புக்கு வந்தபோது சித்திலெவ்வை உயிரோடிருந்தார். ஒரே காலத்தவராயினும் அவ்விருவரின் இலக்கிய உலகங்கள் வெகுதூரத்தில் இருந்தன.

இவ்வேறுபாட்டைத் திறமையின் ஏற்றத்தாழ்வாக மட்டும் கொள்வது பொருந்தாது. ட்வைன் எழுத்தையே தொழிலாகக் கொண்டவர். அவருக்கெனப் பரந்த வாசகர் கூட்டம் இருந்தது. சித்திலெவ்வையோ வாசகரையே உருவாக்க வேண்டியிருந்தார். எழுத்தறிவு பெற வேண்டிய சமூகத்துக்கு அதன் அன்றாட வறுமையைக் காட்டுவதிலும் அது அடையக்கூடிய உயர்வைக் காட்டுவதே முதன்மையானது என அவர் கருதியிருத்தல் கூடும். மேலும் இது அவருக்கு மட்டும் உரிய குறையுமன்று. திருகோணமலை இன்னாசித்தம்பியின் 'ஊசோன் பாலந்தை கதை' (1891) ஐரோப்பியக் கதையொன்றைத் தழுவியது. அதே ஊரவரான சரவணமுத்துப்பிள்ளையின் 'மோகனாங்கி' (1895) தமிழக நாயக்கர் வரலாற்றைப் பேசியது. மங்களநாயகம் தம்பையாவின் 'நொறுங்குண்ட இருதயம்' (1914) வெளிவந்தபோதே யாழ்ப்பாணக் குடும்ப வாழ்வு நாவலில் அழுத்தமாக இடம்பெற்றது.

ஆயினும் காரணம் கூறுவதனால் குறை நிறைவாகிவிடாது. முன்மாதிரி மனிதனைப் படைக்க விழைந்த நாவல், உண்மை மனிதனைக் காணும் பொறுப்பைப் பின்வந்தோரிடம் விட்டுச் சென்றது. அப்பொறுப்பின் பெரும் பங்கினை ஏற்றது கிழக்குக் கரையேயாகும். போடியாரும் வயற்காரரும் வாழும் வட்டைகள், நெசவுத்தறிகள் ஒலிக்கும் மருதமுனை, கரைவலை இழுக்கும் கடற்கரை ஆகியவை நெடுங்காலம் நாட்டார் கவிகளிலும் பொலிப் பாடல்களிலுமே உயிர்வாழ்ந்தன. மருதமுனையின் மருதூர்க்கொத்தனும் அக்கரைப்பற்றின் அ. ஸ. அப்துஸ் ஸமதும் அவ்வாழ்வைச் சிறுகதைக்குக் கொணர்ந்தனர். சாய்ந்தமருதின் தீரன் ஆர். எம். நௌஷாத் எழுதி 2009 இல் வெளிவந்த 'நட்டுமை', வயலையும் அதனை நம்பிய மனிதரையும் அவர்தம் பேச்சுமொழியிலேயே நாவலாக்கியது. சித்திலெவ்வையின் நூலுக்கும் இதற்கும் இடையே 124 ஆண்டுகள் கழிந்துள்ளன.

இவ்விடைவெளியை உணராது 1885 ஐ மட்டும் கொண்டாடுதல் சித்திலெவ்வைக்குச் செய்யும் மரியாதையாகாது. அவர் நாவலிலே இம்மண் இல்லை. ஆயின் இம்மண்ணின் பிள்ளைகள் கற்கவும் எழுதவும் வேண்டும் என்னும் உறுதி அவர் வாழ்க்கை முழுவதிலும் இருந்தது. அவர் பத்திரிகையும் பள்ளியும் தொடக்கிவைத்த கல்வி மரபிலே பின்னர் எழுதுவோர் எழுந்தனர். அந்நூலை அதன் குறையோடு சேர்த்து வாசிப்பதும், அது காட்டத் தவறிய வாழ்வை எழுதுவதுமே இக்கரையின் மாணவர் அவருக்குச் செலுத்தக்கூடிய நன்றிக்கடன்.