பாணன் தீட்டிய படம்

மரக்காணம் உப்பளக் கரையில் குடியிருப்பவனுக்குப் பாணர்களின் நினைப்பு அடிக்கடி வரும். நல்லியக்கோடனிடம் பரிசில் பெறப் போகும் பாணனுக்குச் சிறுபாணாற்றுப்படை சொல்லும் வழியில் எயிற்பட்டினம் இருக்கிறது. அதுதான் எங்கள் மரக்காணம் என்பது அறிஞர் பலரின் கருத்து. யாழோடு வந்தவனுக்குக் கொடுப்பது அந்த நாளில் தயவு அல்ல, கடமை.

இந்த உறவு சங்க காலத்தோடு மறைந்துவிடவில்லை. மத்தியப் பிரதேசத்துக் கோண்டு மக்களுக்கும் பாணர்கள் உண்டு. பர்தான்கள் என்று பெயர். மூன்று தந்தி கொண்ட பானா என்ற வாத்தியத்தை வாசித்து, மரத்தில் குடியிருக்கும் படாதேவைப் பாடுவார்கள். புரவலரின் குல வரலாற்றைச் சொல்லிப் பரிசில் பெறுவார்கள். புரவலர்கள் ஏழைகளான பிறகு பாட்டும் மெலிந்தது.

அந்தக் குலத்தில், பாடன்கர் என்ற சிற்றூரில் பிறந்தவர் ஜங்கர் சிங் ஷியாம். அவர் சுவரில் தீட்டிய சித்திரங்கள் 1981-ல் போபால் பாரத் பவனுக்காகக் கலைப்பொருள் திரட்டப் போனவர்களின் கண்ணில் பட்டன. அவர்களை அனுப்பியவர், சிம்லாவில் பிறந்த தமிழரான ஓவியர் ஜெ. சுவாமிநாதன். நகரத்து ஓவியனையும் காட்டு ஓவியனையும் ஒரே கூரையின்கீழ், சம அந்தஸ்தில் வைக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. இருபது வயதை ஒட்டியிருந்த ஜங்கர் போபாலுக்கு வந்தார். கடை வர்ணத்தில் முதன்முதலாகத் தூரிகையைத் தோய்த்தபோது உடம்பே நடுங்கியதாகப் பின்னால் சொல்லியிருக்கிறார்.

அவருடைய படங்களில் பெரும்பாலும் ஒரு மிருகம் தனியே நிற்கும். ஓரக்கோட்டில் தயக்கம் இராது. உள்ளே புள்ளிகளும் நுண்கோடுகளும் வரிசை வரிசையாக நிறைந்திருக்கும். மானின் கொம்பு கிளைத்துக் கிளைத்து மரமாகிவிடும். இதை வெறும் அலங்காரம் என்று சொல்கிறவர் படத்தைச் சரியாகப் பார்க்கவில்லை என்பேன். பாடுகிறவன் ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் பாடித் தெய்வத்தை வரவழைப்பதுபோல, இவர் புள்ளிமேல் புள்ளி வைத்து உருவத்துக்கு உயிரை வரவழைக்கிறார். என் ருசிக்கு, வர்ணப் படங்களைவிடக் கறுப்பு மையில் வரைந்தவையே உயர்ந்தவை. அவற்றில் அந்தத் தாளம் தெளிவாகக் கேட்கிறது.

மரத்திலும் கல்லிலும் இருந்த தெய்வங்களுக்கு அவர் காகிதத்தில் முகம் கொடுத்தார். ஆகவே, அவரைப் பழைய மரபைக் காப்பாற்றியவர் என்று புகழ்வது போதாது. அவர் ஒரு மரபை உண்டாக்கியவர். அவருடைய உறவினர்கள் அவரிடம் கற்று வளர்த்த பாணிக்கு ‘ஜங்கர் கலம்’ என்றே பெயர்.

ஆஸ்திரேலியப் பாலைவனத்தில், பபுன்யா என்ற குடியிருப்பில், 1971-ல் பழங்குடி ஆண்கள் பள்ளிச் சுவரில் வரையத் தொடங்கினார்கள். அங்கிருந்தும் புள்ளி ஓவியம் உலகம் சுற்றியது. எமிலி காமே க்னவாரியே என்ற மூதாட்டி எண்பது வயதை நெருங்கியபோது கித்தானில் தீட்டத் தொடங்கி, 1996-ல் மறைவதற்குள் உலகப் புகழ் பெற்றார். இரண்டும் புள்ளிதானே, பழங்குடிக் கலைதானே என்று சேர்த்துக் கட்டுவது சோம்பேறி விமரிசனம். எமிலியின் புள்ளி அவருடையது. ஜங்கரின் புள்ளி இவருடையது.

1989-ல் பாரிஸ் நகரத்துப் பெரிய கண்காட்சியில் ஜங்கரின் படங்கள் இடம்பெற்றன. போபால் சட்டமன்றக் கட்டடத்துச் சுவர்களிலும் அவர் கை இருக்கிறது. ஆனால் 2001 ஜூலையில், ஜப்பானின் நீகாத்தா பகுதியில் ஒரு மியூசியத்துக்காகப் படம் வரையத் தங்கியிருந்தபோது, நாற்பது வயதை ஒட்டி, அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். ஊர் திரும்பும் ஏக்கம் வீட்டுக்கு எழுதிய கடிதத்தில் இருந்தது. யார் குற்றம் என்று தீர்ப்புச் சொல்வது என் வேலையல்ல. ஆனால், ‘நாட்டுப்புறக் கலைஞர்’ என்ற பட்டம் மனிதனை மறைத்து, கையை மட்டும் காட்டுகிறது என்பதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். கைக்குக் கூலி கொடுத்தால் போதும் என்று புரவலன் நினைத்துவிடுகிறான்.

அவருடைய உறவினரான பஜ்ஜு ஷியாம் வரைந்த ‘லண்டன் ஜங்கிள் புக்’ 2004-ல் சென்னைப் பதிப்பகம் ஒன்றிலிருந்து வந்தது. அதில் லண்டன் மணிக்கூண்டு, பொழுது விடிவதைச் சொல்லும் சேவலாகியிருக்கிறது. ஓவியரின் பெயரும் புத்தகத்தில் இருக்கிறது. இன்று கோண்டு மானும் மயிலும் சேலையிலும் கோப்பையிலும் ஏறிவிட்டன. வாங்குகிறவர்கள் தாராளமாக வாங்கட்டும். வரைந்தவர் யார் என்று கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்கட்டும்.