பெரிய அலை என்றால் நல்ல சோதனையா?

வெம்ப் சோதனை பற்றிய கட்டுரைகளை வரிசையாகப் படித்துக்கொண்டு வந்தால் ஒரே முடிவு திரும்பத் திரும்ப வரும்: 500 ஹெர்ட்ஸ் டோன் பர்ஸ்ட்தான் சிறந்தது. எதுக்குச் சிறந்தது? பெரும்பாலான இடத்தில் பதில், "அலை பெரிசா வந்தது" என்பதுதான். எனக்கு இதில்தான் சண்டை.

புதிதாகப் படிக்கிறவர்களுக்குச் சுருக்கமாக. காதில் உரத்த, மிகக் குறுகிய ஒலியைக் கொடுத்தால் உள்காதின் சாக்யூல் என்கிற சமநிலை உறுப்பும் அசையும். அதன் விளைவாக, இறுக்கி வைத்திருக்கும் கழுத்துத் தசையின் மின்செயல்பாடு ஒரு கணம் அடங்கும். அதைத் தோல்மேல் எலக்ட்ரோடு ஒட்டிப் பதிவு செய்கிறோம். 1992-ல் சிட்னியில் கோல்பாட்சும் ஹால்மாகியும் இதைக் காட்டியபோது பயன்படுத்தியது க்ளிக் ஒலி. ஏறத்தாழ 13-வது, 23-வது மில்லிசெகண்டில் வரும் இரண்டு முனைகளால் பி13, என்23 என்று பெயர். கண்ணுக்குக் கீழே பதிவு செய்தால் அது ஆக்குலர் வெம்ப்.

இனி ஒப்பீட்டுக்கு வருவோம். "க்ளிக், டோன் பர்ஸ்ட் இரண்டையும் 95 டெசிபல் என்ஹெச்எல் அளவில் கொடுத்தோம், டோன் பர்ஸ்டுக்கு வீச்சு அதிகம்" என்று எழுதுகிறார்கள். என்ஹெச்எல் என்பது என்ன? நல்ல காது உள்ள சிலரை உட்கார வைத்து, எந்த அளவில் ஒலி கேட்க ஆரம்பிக்கிறதோ அதைப் பூஜ்யம் என்று வைத்துக்கொள்வது. அதாவது அது காக்ளியாவின் அளவுகோல். சாக்யூலுக்கும் அந்தப் பூஜ்யத்துக்கும் என்னங்க சம்பந்தம்? 0.1 மில்லிசெகண்ட் க்ளிக்கும் 8 மில்லிசெகண்ட் டோன் பர்ஸ்டும் ஒரே 95-ல் இருந்தாலும் காதுக்குள் போகிற அழுத்தமும் ஆற்றலும் வேறு வேறு. சாக்யூல் 500 ஹெர்ட்ஸ் பக்கம் நன்றாகப் பதில் சொல்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் க்ளிக்கோடு ஒப்பிட்டுக் காட்டும் வித்தியாசத்தில் எவ்வளவு சாக்யூலுடையது, எவ்வளவு அளவுகோலுடையது என்று பிரித்துச் சொல்லும் கட்டுரைகள் குறைவு.

தசையும் குழப்பும். கழுத்தை எவ்வளவு இறுக்குகிறோமோ அந்த அளவுக்கு அலையும் பெரிதாகும். முதலில் க்ளிக், பிறகு டோன் பர்ஸ்ட் என்று வரிசையாகப் போனால் இரண்டாவது முறை கழுத்து களைத்துப் போயிருக்கும். தசையின் பின்னணி மின் அளவால் வகுத்துச் சரிசெய்யாத எண்ணை நான் நம்புவதில்லை.

நேரக் கணக்கில் இன்னும் ஆபத்து. டோன் பர்ஸ்ட் மெதுவாக ஏறுவதால் பி13 தாமதமாக வரும். 15 மில்லிசெகண்டை ஒட்டி வந்தால்கூட ஆச்சரியமில்லை. ஏறுநேரத்தை நீட்டினால் தாமதமும் நீளும் என்று செங்கும் முரோஃபுஷியும் 2001-லேயே காட்டிவிட்டார்கள். க்ளிக்குக்குப் போட்ட இயல்பு எல்லையை டோன் பர்ஸ்டுக்கு வைத்துப் பார்த்தால், நன்றாக இருக்கிறவரின் ரிப்போர்ட்டிலும் "தாமதம்" என்று விழும். தாமதம் என்றால் மூளைத்தண்டைச் சந்தேகப்படுவார்கள். அவர் எம்ஆர்ஐ வரை அலைய வேண்டியதுதான்.

சரி, அலை பெரிசா வருவதே நல்லது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் மெனியர் நோயில் இடறுகிறது. 2004-ல் ராவ்ச் குழு காட்டியது போல, அங்கே சிறந்த பதில் 500-லிருந்து 1000 ஹெர்ட்ஸ் பக்கம் நகர்கிறது. வயதானாலும் இதே மாதிரி மேலே நகரும். 500 மட்டும் கொடுத்துவிட்டு 70 வயதுக்காரருக்குப் "பதில் இல்லை" என்று எழுதுகிறோமே, 750-லோ 1000-லோ முயன்று பார்த்தோமா?

எனக்கு ரொம்பப் பிடித்த எடுத்துக்காட்டு 4000 ஹெர்ட்ஸ். நல்ல காதில் இந்த ஒலிக்கு ஆக்குலர் வெம்ப் பெரும்பாலும் வராது. வீச்சுக் கணக்கில் பார்த்தால் படுதோல்வி. ஆனால் மேல் அரைவட்டக் குழாயின் எலும்பில் ஓட்டை விழுந்திருந்தால் அந்த 4000-க்கும் அலை வரும்! மன்ஸாரியும் கர்தாய்ஸும் சேர்ந்து எழுதியது. இயல்பான காதில் எதுவும் வராததால்தான் அந்த ஒலியால் நோயைப் பிரித்துக் காட்ட முடிகிறது. வீச்சை மட்டும் வைத்து ஒலியைத் தேர்ந்தெடுத்தவர் இதை முதல் சுற்றிலேயே தூக்கிப் போட்டிருப்பார்.

கடைசியாக, கட்டுரைகளில் ஒரு வரியோடு முடிந்துவிடுகிற விஷயம். 95 என்ஹெச்எல் டோன் பர்ஸ்டின் உச்ச அழுத்தம் பெரும்பாலும் 120 டெசிபலைத் தாண்டும். சின்னக் குழந்தையின் காதுக் குழாய் சிறியது. கருவியில் அதே எண்ணை வைத்தாலும் உள்ளே விழும் அழுத்தம் பெரியவரைவிடக் கூடுதல். குழந்தைகளிடம் வெம்ப் செய்ததாக எழுதுகிறவர்கள் குழாய்க்குள் மைக் வைத்து அளந்தார்களா, எத்தனை முறை ஒலி கொடுத்தார்கள் என்பதைத்தான் நான் முதலில் தேடுகிறேன். வீச்சு அட்டவணையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.