'தூ'வுக்கு முன்னால் வந்த கேள்வி

2015 டிசம்பர் 27. சென்னையில் ஒரு ரத்ததான முகாம். அங்கே வந்த விஜயகாந்திடம், 2016இல் அதிமுக மறுபடி ஆட்சிக்கு வருமா என்று நிருபர்கள் கேட்கிறார்கள். வராது என்கிறார். அதோடு விட்டிருக்கலாம், விடவில்லை. இதே கேள்வியை ஜெயலலிதாவிடம் கேட்க உங்களுக்குத் தைரியம் இருக்கிறதா என்று திருப்பிக் கேட்கிறார். பயப்படுகிறீர்கள் என்கிறார். நீங்களெல்லாம் பத்திரிகையாளர்களா என்கிறார். கடைசியில் அந்த 'தூ'. பத்திரிகையாளர் அமைப்புகள் கண்டித்தன, மீம் பக்கங்கள் கொண்டாடின. எல்லாம் முடிந்தபோது மிஞ்சியது அந்த ஒற்றை எழுத்து மட்டும்தான்.

செய்தது அநாகரிகம். வெயிலில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கும் நிருபருக்குத் தன் சேனல் முதலாளியின் பயத்தில் எந்தப் பங்கும் கிடையாது. ஆனால் ஒரு அரசியல் பேச்சைப் பேச்சாக விமர்சிக்க உட்கார்ந்தால், அதில் முக்கியமான வாக்கியம் எது என்று பார்க்க வேண்டும் இல்லையா? அந்த ஒரு நிமிடத்தின் முக்கியமான வாக்கியம், தைரியம் இருக்கிறதா என்ற கேள்வி. அதற்குப் பதில் சொல்லாமலே தப்பிக்க அந்த 'தூ' வசதியாக அமைந்துவிட்டது.

விஜயகாந்தின் மேடைப்பேச்சை யாரும் சொல்வன்மை என்ற தலைப்பில் வைத்துப் பேசியதில்லை. நம் காது பழகியது வேறு ஒன்றுக்கு. அண்ணா, கருணாநிதி வழியில் வந்த அடுக்குமொழி, நிறுத்தி நிதானமாக வந்து விழும் எதுகை மோனை. சினிமாவில் விஜயகாந்தும் அப்படித்தான் பேசினார். லியாகத் அலிகான் எழுதிக் கொடுத்த வசனங்களை மூச்சுவிடாமல் பேசியவர், 'ரமணா'வில் புள்ளிவிவரங்களை அடுக்கியவர். ஆனால் மேடை ஏறினால் அந்த ஆளே இல்லை. மதுரைத் தெருவில் நின்று பேசுகிற மாதிரி, "மக்களே" என்று ஆரம்பித்து, நடுவில் கூட்டத்தில் யாரையோ அதட்டி, விட்ட இடத்தை மறந்து வேறு இடத்தில் தொடர்வார். தமிழில் வினைச்சொல் கடைசியில்தான் வரும். அவர் பேச்சில் பல வாக்கியங்களுக்கு அந்தக் கடைசி வந்து சேராது. எதிரே நிற்கும் கூட்டம் தானாகவே அதை முடித்துக்கொள்ளும். நேரில் இது வேலை செய்தது. 2006இல் தனியாக நின்று எட்டு சதவீதத்துக்கு மேல் வாக்கு வாங்கியவர், இந்தப் பேச்சை வைத்துக்கொண்டுதான் வாங்கினார்.

கேமராவுக்கு அந்தக் கூட்டத்தின் பொறுமை கிடையாது. முடியாத வாக்கியத்தை இருபது நொடிக்கு வெட்டினால் அது உளறலாகத்தான் தெரியும். நான் வேலை செய்யும் துறையில் லாக் ஃபைல் என்று ஒன்று உண்டு. ஒரு நாள் முழுக்க ஒழுங்காக ஓடிய சிஸ்டமாக இருந்தாலும், அதன் லாகில் 'எர்ரர்' என்று வரும் வரிகளை மட்டும் பிரித்தெடுத்து நீட்டினால், பார்க்கிறவர் இதை இழுத்து மூடுங்கள் என்றுதான் சொல்வார். காட்டிய வரிகள் அனைத்தும் உண்மைதான். தேர்ந்தெடுத்தவர் யார், எந்த சிஸ்டத்தின் லாகை அவர் தொடவே இல்லை என்பதுதான் விஷயம்.

கேலி அவருக்குப் புதிதல்ல. 2011இல் வடிவேலு திமுகவுக்காக ஊர் ஊராகப் போய் அவரைக் கிழித்தார். தர்மபுரியில் தன் வேட்பாளரையே அடித்ததாகச் சொல்லப்பட்ட வீடியோ எதிரணிச் சேனல்களில் ஓடிக்கொண்டே இருந்தது. தேமுதிக 41 இடங்களில் நின்று 29இல் ஜெயித்தது. 23 இடங்களே கிடைத்த திமுகவைத் தாண்டி அவர் எதிர்க்கட்சித் தலைவரானார். ஜெயலலிதாவோடு வைத்த கூட்டணி, திமுக மீது இருந்த கோபம் எல்லாம் அதில் உண்டு, சரி. ஆனாலும் அன்றைய கேலியின் மேல் அனுப்புநர் முகவரி ஒட்டியிருந்தது. எந்தச் சேனல் எந்தக் கட்சியுடையது என்று தெரிந்துதான் ஜனங்கள் பார்த்தார்கள், அதற்கேற்பக் கழித்துக்கொண்டார்கள். 2016 வாக்கில் வாட்ஸ்அப்பில் வந்த வெட்டுத் துண்டில் அந்த முகவரி இல்லை. அனுப்பியவர் நம் சித்தப்பா, கல்லூரி நண்பன். அதிலிருந்து எதைக் கழிப்பது?

அதே 2016 பிரச்சாரத்தில் இன்னொரு மேடை. குளிரூட்டிகள் சூழ ஜெயலலிதா உட்கார்ந்து, எழுதி வைத்ததை வாசிக்கிறார். ஏப்ரலில் விருத்தாசலம் கூட்டத்திலும் சேலம் கூட்டத்திலும் வெயிலில் நின்றவர்கள் இறந்துபோனார்கள். அது செய்தியாக வந்தது, வரவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பேச்சு என்னவோ முழுசாக, வெட்டில்லாமல், மரியாதையோடு ஒளிபரப்பானது. "மக்களால் நான், மக்களுக்காகவே நான்" என்பதும் தேர்தல் வசனம்தான். அதை எதிரில் வைத்து ஒரு கேள்வி கேட்க இடமே கிடையாது, ஏனென்றால் செய்தியாளர் சந்திப்பு என்பதே அந்த ஆட்சியில் அரிது.

அந்தப் பக்கம் கருணாநிதி, தேமுதிக கூட்டணி பற்றிக் கேட்டதற்கு, பழம் கனிகிறது, பாலில் விழும் என்றார். அவ்வளவுதான், பழம் எப்போது விழும் என்று விவாத நிகழ்ச்சிகள் ஓடின. உவமைக்குப் பொழிப்புரை எழுதும் வேலையை நம் ஊடகங்கள் ஆசையாகச் செய்யும், அதற்குத் தமிழாசிரியர் பரம்பரை ஒரு காரணம் என்று நினைக்கிறேன். (பழம் விழவில்லை. மார்ச் 23 அன்று அவர் மக்கள் நலக் கூட்டணிப் பக்கம் போய்விட்டார்.) விஜயகாந்தையும் சும்மா விட முடியாது. காஞ்சிபுரம் மாநாட்டில் நான் கிங்கா, கிங்மேக்கரா என்று கூட்டத்திடம் கேட்டுவிட்டு ஒரு மாதம் இழுத்தடித்தவர் அவர்தான். விமர்சிக்க வேண்டியது அந்தத் தடுமாற்றத்தை. நாம் சிரித்தது நாக்கு குழறியதைப் பார்த்து. அதில் எவ்வளவு உடல்நலக் கோளாறு என்று அன்று யாரும் நிதானமாகக் கேட்கவில்லை.

பயம் என்று அவர் சொன்னதற்கு ஒரு கணக்கு உண்டு. அன்று நடைமுறையில் இருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 199(2) பிரிவின்படி, முதல்வருடைய பதவிச் செயல்கள் பற்றி அவதூறு என்றால் அரசு வழக்கறிஞரே செஷன்ஸ் நீதிமன்றத்தில் வழக்குப் போட முடிந்தது. முதல்வருக்குச் சொந்தச் செலவில்லை, அலைச்சலில்லை. வழக்கு தோற்றாலும் பரவாயில்லை, எதிராளி வாய்தாவுக்கு வாய்தா அலைந்தால் போதும். ஐந்து ஆண்டுகளில் இப்படி 213 வழக்குகள் என்ற பட்டியல் 2016 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. அவற்றில் 55 ஊடகங்கள் மீது போட்டவை. பொது வாழ்வில் இருப்பவர் விமர்சனத்தைத் தாங்க வேண்டும் என்று நீதிபதிகள் கண்டித்தார்கள். அந்தப் பட்டியல் எந்த மனுவின் விசாரணையில் வந்தது தெரியுமா? விஜயகாந்த் போட்ட மனு. அதற்கு மூன்று மாதம் முன்புதான் உளுந்தூர்பேட்டையில் டெபாசிட் இழந்திருந்தார். அவர் கட்சி ஏறத்தாழ 2.4 சதவீதத்துக்கு இறங்கியிருந்தது.

2023 டிசம்பர் 28 அன்று அவர் இறந்தபோது சேனல்கள் நாள் முழுக்க அழுதன. அந்த 'தூ' பின்னணி இசையோடு வீரச் செயலாக என் ஃபோனுக்கு வந்தது. இந்தத் தடவையும் முன்னால் இருந்த கேள்வியை வெட்டியிருந்தார்கள்.

ஆனால் அந்தக் கேள்விக்கான விடை அவர் கேட்ட ஒன்பதாவது மாதமே வரத் தொடங்கிவிட்டது. 2016 செப்டம்பர் 22 இரவு ஜெயலலிதா அப்போலோவில் சேர்க்கப்பட்டார். 75 நாள். தமிழ்நாட்டின் அத்தனை கேமராக்களும் வாசலில் நின்றன. உள்ளே இருந்து அறிக்கை வரும், அமைச்சர்கள் வந்து பேசுவார்கள், வாசலில் வாசிக்கப்படும். அம்மா இட்லி சாப்பிட்டார் என்றார்கள். அதுவும் செய்தியாக ஓடியது.

இட்லி சாப்பிட்டதாகச் சொன்னது பொய் என்று நமக்குத் தெரியவந்தது 2017 செப்டம்பரில். எந்த நிருபரும் அதைக் கண்டுபிடிக்கவில்லை. மதுரையில் ஒரு பொதுக்கூட்டத்தில் அமைச்சர் திண்டுக்கல் சீனிவாசன் தானாகவே மைக் முன்னால் சொல்லி மன்னிப்புக் கேட்டார்.